தமுக்கம்: ஒரு மாளிகையும் அதில் வாழ்ந்தோரும்

மதுரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயிலிலிருந்தோ திருமலை நாயக்கர் மகாலிலிருந்தோ தொடங்குவர். வையையின் வடகரையில், தல்லாகுளத்தை அடுத்து நிற்கும் தமுக்கம் மாளிகையிலிருந்து தொடங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மதுரையை ஆண்டோர் யாவர், ஆட்சி எவ்வாறு கைமாறியது, இறுதியில் எவர் நினைவை இந்நகர் போற்றத் துணிந்தது என்பனவற்றை ஒரே கூரையின்கீழ்ச் சொல்லும் கட்டடம் இதுவே எனலாம்.

பெயரும் இடமும்

தமுக்கம் என்னும் சொல்லுக்குக் கோடை மாளிகை என்றும், யானைப்போர் நிகழும் இடம் என்றும் பொருள் கூறுவர். இரு பொருளும் இம்மாளிகைக்கு ஏற்புடையனவே. உயர்ந்த மேடையின்மீது, வளைவுகளும் கும்மட்டமும் கொண்டு எழுந்த இதன் முன்னே பரந்த திடல் விரிகிறது. மேடையின்மேல் அமர்ந்து அரச குடும்பத்தார் யானைப்போரையும் வீர விளையாட்டுகளையும் கண்டு களித்தனர் என்பது வழிவழிச் செய்தி.

மாளிகை அமைந்த இடமும் நோக்கத்தக்கது. பழைய மதுரை நகரம் ஆற்றின் தென்கரையில் கோட்டைக்குள் அடங்கியிருந்தது. தமுக்கமோ ஆற்றுக்கு அப்பால், நெல்வயலும் கண்மாயும் சூழ்ந்த வெளியில் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கிவரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பதும் இப்பகுதியிலேதான். ஆகவே நாட்டுப்புறமும் நகர்ப்புறமும் சந்திக்கும் எல்லையில் எழுந்த மனை இது.

கட்டியவர் யார்?

இம்மாளிகையை 1670-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பெற்ற இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்று குறிப்பது வழக்கம். இக்கூற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மங்கம்மாள் தம் பேரன் விசயரங்க சொக்கநாதன் சார்பில் ஆட்சி நடத்திய காலம் 1689 முதல் 1706 வரை. 1670-இல் அரியணையில் இருந்தவர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர் (1659–1682). எனவே ஆண்டு சரியெனில், ஆளும் அரசியாக அன்றி, அரசர்தம் துணைவியாகவே மங்கம்மாள் இம்மாளிகையோடு தொடர்புற்றிருத்தல் வேண்டும். திருமலை நாயக்கரே (1623–1659) இதனைக் கட்டினார் என்று கருதுவாரும் உளர்.

சொக்கநாதர் காலத்தில் தலைநகர் திருச்சிராப்பள்ளிக்கு மாறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. தலைநகர் வேறிடத்தில் இருக்க, மதுரையில் அரச குடும்பத்தார் வந்து தங்கிச் செல்லும் மனையாகவே தமுக்கம் பயன்பட்டிருக்கக்கூடும். கோடை மாளிகை என்னும் பெயர் அவ்வகையில் பொருத்தமுறுகிறது.

அங்ஙனமாயின் மங்கம்மாளின் பெயர் மட்டும் இங்கு நிலைத்தது ஏன்? சாலைகள் அமைத்து, சத்திரங்கள் எழுப்பி, வழிநடப்போருக்கு நிழலும் நீரும் தந்தவர் என அவரை மக்கள் நினைவில் வைத்தனர். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே உள்ள சத்திரம் அவர் பெயரையே தாங்குகிறது. முதுமையில் அவர் சிறைவைக்கப்பட்டு, கண்ணுக்கு எட்டிய உணவு கைக்கு எட்டாமல் பசியால் மாண்டார் என்ற துயரக் கதையும் வழங்கிவருகிறது. அக்கதை வரலாறா கற்பனையா என்பது வேறு. மக்கள் அவருக்காக வருந்தினர் என்பது மட்டும் உறுதி. நா. பார்த்தசாரதி அவர் வாழ்வைப் புதினமாக்கியதற்கும் அவ்வருத்தமே அடிநிலம் எனலாம். கல்வெட்டு தராத உரிமையை மக்களின் அன்பு ஒருவருக்குத் தந்துவிடுவதும் உண்டு.

கைமாறிய மனை

1736-ஐ ஒட்டி நாயக்கர் ஆட்சி சந்தா சாகிபின் சூழ்ச்சியால் வீழ்ந்தது. பின்னர் மதுரை ஆர்க்காட்டு நவாபின் ஆளுகைக்கு உட்பட்டது. நவாபின் பெயரால் மதுரையை ஆண்ட யூசுப்கான் என்னும் மருதநாயகம், நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்று 1764-இல் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் கருநாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. தமுக்கமும் இதே வரிசையில் நாயக்கரிடமிருந்து நவாபுக்கும், நவாபிடமிருந்து கும்பினிக்கும் கைமாறியது. ஆங்கிலேயர் ஆட்சியில் மாவட்ட ஆட்சியர் வாழும் இல்லமாயிற்று.

இங்கு ஒப்புநோக்கு ஒன்று பயன்தரும். திருமலை நாயக்கர் மகால் தமுக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிது. அதன் பகுதிகளைச் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பர். குடியிருப்பார் இன்றிச் சிதைந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார். தமுக்கமோ அவ்வாறு கைவிடப்படவில்லை. ஆள்வோர் மாறினரேயன்றி விளக்கேற்ற ஆளில்லாத நிலை அதற்கு நேரவில்லை. மனையைக் காப்பது கல்லும் சுண்ணமும் மட்டும் அல்ல. அதில் வாழ்வோரின் தேவையும் ஆகும்.

இக்காலத்தே நகரும் மாறியது. ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதில்களை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள் தோன்றின. 1889-இல் வையையின்மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு அப்பால் ஒதுங்கி நின்ற மாளிகை நகரோடு இணைந்தது. ஆயினும் அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. திடலில் நின்று மேடையை அண்ணாந்து பார்த்த நாயக்கர் காலத்துக் குடிகளுக்கும், மனுவோடு ஆட்சியரைக் காண வந்த பிற்காலத்துக் குடிகளுக்கும் இடையே இவ்வகையில் வேறுபாடு மிகுதி இல்லை.

மேலமாசி வீதியில் ஓர் இரவு

தமுக்கத்தின் பிற்கால வரலாற்றை அறிய, ஆற்றின் தென்கரையிலுள்ள மற்றொரு வீட்டுக்குச் செல்லுதல் வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தியடிகள் மேலமாசி வீதி 251-ஆம் எண் இல்லத்தில் தங்கினார். வரும் வழியில் புகைவண்டியில் கண்ட மக்களிடம் கதர் உடுத்துமாறு அவர் கூற, கதர் வாங்கும் வசதி தங்களுக்கு இல்லை என்று அவர்கள் விடையளித்தனர். அவ்விடை அவரை வாட்டியது. செப்டம்பர் 22 அன்று மேலாடையும் தலைப்பாகையும் துறந்து, முழந்தாள் அளவு வேட்டி மட்டும் உடுத்து வெளியே வந்தார். அக்டோபர் 31 வரையே இவ்வுடை என்று முதலில் அறிவித்தார். ஆனால் அதுவே வாழ்நாள் கோலமாயிற்று. அக்கோலத்தில் அவர் மக்கள்முன் தோன்றிய இடம் இன்றும் காந்திப் பொட்டல் என வழங்குகிறது.

அந்நாளில் ஆற்றின் வடகரை மாளிகை அந்நிய ஆட்சியின் இல்லம். தென்கரை வீட்டில் ஒருவர் ஏழையின் உடையை ஏற்றார். இரண்டுக்கும் இடையே ஆறு ஓடியது.

இறுதியாகக் குடிவந்தவர்

விடுதலைக்குப் பின், 1955-இல், மாநில அரசு தமுக்கம் மாளிகையையும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் சவகர்லால் நேரு காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1948 சனவரி 30 அன்று குண்டு பாய்ந்தபோது காந்தியடிகள் உடுத்திருந்த, குருதி தோய்ந்த ஆடை இங்குக் காக்கப்பெறுகிறது. வளாகத்தில், சேவாகிராமத்தில் அவர் வாழ்ந்த குடிலைப் போன்றதொரு குடிலும் எழுந்தது. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியபோது, யானைகள் பொருததாகச் சொல்லப்படும் அத்திடலை ஒட்டித் தமிழன்னைக்குச் சிலை எழுந்தது.

உடைத் துறவு நிகழ்ந்த ஊருக்கே, அத்துறவுக்குப்பின் அவர் உடுத்த ஆடைகளுள் இறுதியானது வந்து சேர்ந்தது என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. முன்னர் இம்மாளிகையில் வாழ்ந்தோர் அனைவரும் அதிகாரத்தால் உரிமை பெற்றவர்கள். அவர்கள் பயன்கொண்ட பொருள்களைத் தேடி இங்கு வருவார் இலர். காந்தியடிகள் இம்மாளிகையில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் இன்று இது அவருடைய இல்லமாகவே அறியப்படுகிறது. அவர் வந்தபின்னரே எளியவர் எவரும் இசைவு கேளாமல் இம்மேடையின் படிகளில் ஏற முடிந்தது.

வீடு என்னும் தமிழ்ச் சொல் விடு என்னும் வினையடியாகப் பிறந்தது. மனைக்கும் விடுதலைக்கும் அது ஒருங்கே பெயராகும். விட்டுச் சென்றவர்களால் ஆனதே எந்த வீட்டின் வரலாறும். அதிகாரத்தை விட மனமின்றி நீங்கியோரும், உடையைத் தாமே விட்டவரும் தமுக்கத்தின் வரலாற்றில் அடுத்தடுத்து நிற்கின்றனர். இம்மேடையைக் கல் சுமந்து உயர்த்தியவர்கள், சுண்ணம் அரைத்தவர்கள், ஆட்சியர் இல்லத்தில் இரவெல்லாம் விசிறி இழுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் அதில் இடம்பெறவில்லை. வரலாற்று ஆசிரியர்களால் இயலாத அப்பணி கவிஞர்களுக்கு உரியது. மதுரைக் கவிஞர்கள் கோயிற் கோபுரங்களைப் பாடியது போலவே தமுக்கத்தையும் ஒருநாள் பாடுவார்களாயின், அப்பாட்டு அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.