மொன்றியலில் உருவான இராணுவப் பனி ஊர்திகள்

இரண்டாம் உலகப் போரின்போது பனியில் துருப்பினரை ஏற்றிச்செல்ல கனடா தயாரித்த ஊர்திகள், நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் தேவையிலிருந்து பிறந்தவையாகும்.

மொன்றியலுக்குக் கிழக்கேயுள்ள வல்கூர் என்ற ஊரில் கராஜ் நடத்திவந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் 1934ஆம் ஆண்டு பனிக்காலத்தில் நோயுற்றான். வீதிகளைப் பனி மூடியிருந்ததால் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை, குழந்தை இறந்தது.

பனியில் சக்கரம் புதைவதைத் தவிர்க்க, வண்டியின் பாரம் பரந்த பரப்பில் தாங்கப்பட வேண்டும். பின்புறத்தில் ரப்பர் பட்டிகளும் அவற்றைச் சுழற்றும் பற்சக்கரமும், முன்புறத்தில் திசைதிருப்பும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கொண்ட அமைப்பை அவர் உருவாக்கினார். பனி ஒட்டாதிருக்க அப்பற்சக்கரத்துக்கு ரப்பர் உறையிடப்பட்டது. 1937 ஜூனில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேருக்கான பி-7, பன்னிரண்டு பேருக்கான பி-12 ஆகிய வண்டிகள் மருத்துவர்களுக்கும் தபால் சேவைக்கும் பயன்பட்டன.

போர்க்கால மாற்றம்

1942இல் கனடிய அரசு, பி-12 வண்டியை அடிப்படையாகக் கொண்ட துருப்புக்காவி ஊர்திகளைக் கோரியது. பி-1 எனப்பட்ட இவ்வகையில் 130 ஊர்திகள் தயாரிக்கப்பட்டன. வல்கூர் தொழிற்சாலை போதாததால் உற்பத்தி மொன்றியலில் நடந்தது. கவசமிட்ட வகைகளும் பின்னர் வந்தன. போர்க்காலத்தில் இராணுவத்துக்கென 1,900க்கும் மேற்பட்ட ஊர்திகள் தயாராயின.

அதேவேளை பங்கீட்டு விதிகளின்படி, தொழிலுக்கு இன்றியமையாதது என்று நிரூபித்தவர்களுக்கு மட்டுமே பனி ஊர்திகள் விற்கப்பட்டன. ஊர் மக்களுக்கென உருவான வண்டியை வாங்க அவர்களே அனுமதி பெறவேண்டிய நிலை ஏற்பட்டது.

மற்ற நாடுகளும் இச்சிக்கலைத் தத்தம் வழியில் அணுகின. சோவியத் ஒன்றியம் சறுக்குக் கட்டைகளின் மீது விமான விசிறி பொருத்திய ஊர்திகளை இயக்கியது. அமெரிக்காவின் ஸ்டுடிபேக்கர் நிறுவனம் 'வீசல்' என்ற சிறிய பட்டி ஊர்தியைத் தயாரித்தது.

'பெங்குவின்' எனப்பட்ட கனடிய ஊர்திகளின் கடுஞ்சோதனை போர் முடிந்த பின்னரே நடந்தது. 1946 பெப்ரவரி 15ஆம் தேதி சர்ச்சிலிலிருந்து புறப்பட்ட சுமார் 50 பேர், ஆர்க்டிக் பகுதியூடாக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடந்து, மே 6ஆம் தேதி எட்மண்டனை அடைந்தனர்.

மீண்டும் மக்களிடம்

1940களின் இறுதியில் கியூபெக் அரசு கிராமப்புற வீதிகளின் பனியை அகற்றத் தொடங்கியது. பல பயணிகளை ஏற்றும் பனி ஊர்திகளின் விற்பனை சரிந்தது. எந்தக் குறையால் ஊர்தி பிறந்ததோ, அக்குறை நீங்கியதே அதன் சந்தையைப் பறித்தது. நிறுவனம் சுரங்கம், காடு சார்ந்த தொழில்களுக்கான பட்டி ஊர்திகளுக்கு மாறியது; 1959இல் 'ஸ்கீ-டூ' என்ற சிறிய பனி ஊர்தியை அறிமுகப்படுத்தியது.

பொம்பார்டியே 1964இல் காலமானார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், மொன்றியல் மெட்ரோவுக்கு 423 பெட்டிகள் தயாரிக்கும் ஒப்பந்தத்தை அவரது நிறுவனம் பெற்றது. பனிக்காலத்திலும் தடையின்றி நகரும் அந்த நிலத்தடி ரயில்களில் பயணிப்போரில், அந்நகரில் குடியேறிய தமிழர்களும் அடங்குவர்.