டிவி விளம்பர நேரம் வாங்குவது எப்படி? சின்ன பிசினஸ் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

புனேயின் விஷ்ராந்த்வாடியில் நீங்கள் இட்லி மாவு பிராண்ட் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். டெலிவரி தானோரி, டிங்ரே நகர் வரைதான். 'டிவியில ஒரு விளம்பரம் கொடுத்தா என்ன?' என்று தோன்றுகிறது. பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

எதை வாங்குகிறோம்?

நேரத்தை. '10 விநாடிக்கு இவ்வளவு' என்றுதான் விலை பேசுவார்கள். 20 விநாடி விளம்பரம் என்றால் இரு மடங்கு. 1994-ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின்படி, ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரம். அதிலும் 2 நிமிடம் வரை சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. இருக்கும் நேரமே கொஞ்சம் என்பதால்தான் பிரைம் டைமிலும் தீபாவளி சமயத்திலும் விலை எகிறுகிறது.

செலவு எவ்வளவு?

ஒரு உதாரணம். 10 விநாடி ரூ.2,000. உங்கள் விளம்பரம் 20 விநாடி. தினம் 5 முறை, 10 நாள் என்றால் 50 ஸ்பாட், ரூ.2 லட்சம். 18% ஜிஎஸ்டி ரூ.36,000 சேர்த்தால் ரூ.2.36 லட்சம். விளம்பரப் படம் எடுக்கும் செலவு தனி.

ரேட் கார்டில் இருப்பது இறுதி விலை இல்லை, பேரம் பேசலாம். பெரிய நிறுவனங்கள் 'பார்க்' அமைப்பு வாராவாரம் தரும் ரேட்டிங்கைப் பார்த்து, ஒரு ரேட்டிங் பாயிண்டுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டுத்தான் சேனல்களை ஒப்பிடுகின்றன.

மலிவா கிடைச்சா வாங்கலாமா?

எப்போது ஓடும் என்று முதலில் கேளுங்கள். நேரத்தைத் தேர்வு செய்யும் உரிமையைச் சேனலிடமே விட்டுவிட்டால் விலை குறையும். ஆனால் ஸ்பாட் நள்ளிரவிலும் ஓடலாம். 'போனஸ் ஸ்பாட்' தருகிறோம் என்றாலும் இதே கேள்விதான்.

அடுத்தது, யார் பார்க்கிறார்கள்? மராத்தி சேட்டிலைட் சேனல் மகாராஷ்டிரா முழுக்கப் போகிறது. தமிழ் சேனலின் பார்வையாளர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாக்பூர்க்காரரோ மதுரைக்காரரோ உங்கள் மாவை வாங்க முடியாது. ஆனால் அவர்கள் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அதனால் ஒரு ஏரியாவுக்குள் நடக்கும் தொழிலுக்கு உள்ளூர் கேபிள் சேனலோ, ஊர் வாரியாக விளம்பரம் காட்டும் ஸ்மார்ட் டிவி ஓடிடி ஆப்களோ பொருத்தம். மாநிலம் முழுக்கக் கடைகளில் சரக்கு போகும்போது சேட்டிலைட் சேனலை யோசிக்கலாம்.

கையில் என்ன ஆதாரம்?

ரிலீஸ் ஆர்டரில் தேதி, நேரப் பகுதி, விநாடி, ஸ்பாட் எண்ணிக்கை, ஏஜென்சி கமிஷன் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓடாத ஸ்பாட்டுக்கு மாற்று ஸ்பாட்டா, பணம் திரும்பவா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒளிபரப்பு முடிந்ததும் டெலிகாஸ்ட் சர்டிபிகேட் வாங்குங்கள். எந்த ஸ்பாட் எத்தனை மணிக்கு ஓடியது என்பது அதில் இருக்கும். ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பாக்கித் தொகையைக் கொடுங்கள்.