தீட்டிலிருந்து சொத்துக்கு: தொப்புள்கொடி ரத்தம் பற்றிச் சில குறிப்புகள்

தொப்புள்கொடியை அறுப்பது யார் என்ற கேள்விக்குக் கரிசல்காட்டில் வெகுகாலம் சாதிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இடைசெவலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டிலேயே பேறுகாலம் பார்த்த நாட்களில் மருத்துவச்சியாக வந்தவர்கள் நாவிதர் சமூகப் பெண்கள். பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு, தீட்டு மருத்துவச்சிக்கு. கொடியும் நஞ்சும் அவள் கையோடு போய்விடும். எங்கள் பெரியம்மா சொல்வாள்: "நாய் தோண்டிரக் கூடாதுல்ல, அதான் ஆழமா வெட்டிப் பொதைச்சு மேல ஒரு கல்லத் தூக்கி வச்சிருவாக." புதைத்தவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் தானியமும் பழைய சேலையும். உடலின் ஒரு பகுதி 'அசுத்தம்' என வகைப்படுத்தப்பட்டு, அதைத் தொடும் வேலை ஒரு சமூகத்தின் தலையில் கட்டப்பட்டதன் வரலாறு இது. இதை மரபின் ஞானம் என்று கொண்டாட எனக்கு மனசில்லை.

உலர்ந்து விழுந்த தொப்புள்கொடித் துண்டைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டியதைக் காட்டி, 'நம் முன்னோர்கள் அன்றே ஸ்டெம் செல்லைச் சேமித்தார்கள்' என்றொரு கதையாடல் இப்போது உலவுகிறது. காய்ந்து சருகான துண்டில் உயிருள்ள அணு ஏது? இன்று உறைய வைக்கப்படுவது அந்தத் துண்டல்ல, கொடியிலும் நஞ்சிலும் தங்கிய ரத்தம். ரத்தத்தை உற்பத்தி செய்யும் குருத்தணுக்கள் அதில் உயிரோடிருக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன், சுமார் மைனஸ் 196 டிகிரி குளிர் எல்லாம் தேவை. பழம்பெருமையும் சந்தையும் இவ்வளவு சுலபமாகக் கைகோத்துக்கொள்வது கவனிக்க வேண்டிய விஷயம்.

மருத்துவமனை வந்தபின் தீட்டு, 'கழிவு' ஆனது. கழிவு மதிப்புப் பெற்றது 1988 அக்டோபரில். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் கண்ட ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அப்போதுதான் பிறந்திருந்த தங்கையின் கொடிரத்தத்தைப் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளக்மான் குழுவினர் செலுத்தினார்கள். பையன் பிழைத்தான். அவனைக் காப்பாற்றியது அவனுடைய ரத்தமல்ல, இன்னொருவருடையது என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த வியாபாரம் முழுக்க இதை மறக்கடிப்பதில்தான் நின்றது.

1990களின் தொடக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் தொடங்கியது பொது வங்கி: யாரும் கொடுக்கலாம், பொருந்தும் யாரும் பெறலாம். க்ரையோ-செல் போன்ற கம்பெனிகள் ஆரம்பித்தது தனியார் பெட்டகம்: உன் பிள்ளையின் ரத்தம் உன் பிள்ளைக்கே. ரத்தத்தை விற்கும் சமூகத்தைவிடத் தானமாகக் கொடுக்கும் சமூகமே மேல் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970இலேயே வாதிட்டிருந்தார். தனியார் பெட்டகமோ தானமுமில்லை, விற்பனையுமில்லை. தன் உடலையே தனக்கு எதிர்காலச் சொத்தாகப் பூட்டி வைத்து, அதற்கு வாடகை கட்டும் புதுவகை உறவு அது.

தமிழ்நாட்டில் இந்த உறவைப் பெரிய அளவில் கட்டமைத்தது லைஃப்செல். ஷாசன் மருந்துக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த மயூர் அபயா 2004இல் சென்னையில் தொடங்கியது. தொழில்நுட்பம் அமெரிக்க க்ரையோ-செல்லோடு கூட்டு. ஷாசனின் பெயர்பெற்ற சரக்கு ஐபுப்ரோஃபென், வலி மாத்திரை. அதன் ஆலை இருந்தது புதுச்சேரியில், நம்ம இடைசெவல் கி.ரா. போய்த் தங்கிவிட்ட அதே புதுச்சேரி. வலி மாத்திரைக்கு வலி வந்தால்தான் கிராக்கி. கொடிரத்தப் பெட்டகத்துக்கு வலி வர வேண்டியதில்லை, வருமோ என்ற பயம் போதும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஆய்வகம், ஐஸ்வர்யா ராய் விளம்பரம், மாதத் தவணை என்று கம்பெனி வளர்ந்தது. நாட்டிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் இடத்துக்கும் வந்தது.

என் தங்கை மகளுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழாம் மாதச் சோதனை. வராந்தாவில் கழுத்துப்பட்டை மாட்டிய பையன் ஒருவன் துண்டுப்பிரசுரத்தோடு உட்கார்ந்துவிட்டான். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. "இது ஒரு இன்சூரன்ஸ் மாதிரிக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா நீங்கதான வருத்தப்படுவீங்க?" அவள் கணவன் தவணைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஓர் ஏழைக் கர்ப்பிணிக்கு மொத்தமாகக் கிடைப்பது 18,000 ரூபாய்; இவன் கேட்டது அதைப்போலப் பல மடங்கு.

இன்சூரன்ஸ் என்ற உருவகத்தைக் கட்டுடைத்துப் பார்ப்போம். குழந்தைக்குத் தன் சொந்தக் கொடிரத்தம் முதல் இருபது ஆண்டுக்குள் தேவைப்படும் வாய்ப்பு 0.04லிருந்து 0.0005 சதவீதத்துக்குள் என்பது அமெரிக்க மாற்றுசிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2008 கணிப்பு. தலசீமியா போன்ற மரபணு நோய் என்றால் சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். சிறுவயது ரத்தப் புற்றுநோயிலும் அதன் விதை பிறப்பிலேயே இருந்திருக்கலாம். ஆக, எந்த நோய்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களோ அவற்றுக்கு இது பெரும்பாலும் உதவாது. மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே இத்தகைய நோய் இருந்தால் விஷயம் வேறு, அங்கே சேமிப்பதில் அர்த்தமுண்டு.

அரசு என்ன செய்தது? 2011 டிசம்பரில் மருந்துச் சட்ட விதிகளைத் திருத்தி, இந்த வங்கிகளுக்கென உரிம முறையைக் கொண்டுவந்தது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், தனியார் சேமிப்புக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றது. 2018இல் குழந்தை மருத்துவர்களின் கழகமும் 'உயிரியல் காப்பீடு' என்ற விளம்பரத்தை மறுத்தது. ஒரு கையில் உரிமம், மறு கையில் அறிவுரை. கர்ப்பிணியின் கைக்கு வந்து சேருவது துண்டுப்பிரசுரம் மட்டும்.

அதே 2017இல் லைஃப்செல் ஒரு திருப்பம் எடுத்தது. 'கம்யூனிட்டி பேங்கிங்': பணம் கட்டிய குடும்பங்களின் ரத்தமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும், உறுப்பினர் குடும்பம் எதுவும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் ரத்தம்தான் உதவும் என்ற 1988ன் உண்மையைத் தனியார் மூலதனம் தானே ஒப்புக்கொண்ட தருணம் இது. ஆனால் ஒப்புக்கொண்ட கையோடு வாசலில் சந்தாப் பெட்டியையும் வைத்துவிட்டது. பொது, கிளப் ஆயிற்று.

'கம்யூனிட்டி' என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம்? தாசில்தார் ஆபீசில் வாங்குகிறோமே கம்யூனிட்டி சர்ட்டிபிகேட், அந்தக் கம்யூனிட்டி. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. திசுப் பொருத்தம் பரம்பரையாக வருவது. நூற்றாண்டுக் கணக்கில் அகமணத்துக்குள் அடைபட்ட சமூகங்களில் பொருத்த வகைகளும் சாதிவாரியாகத் திரண்டு கிடக்கும். அப்படியானால் தவணை கட்ட வசதியுள்ளவர்களின் ரத்தத்தால் நிரம்பிய தொட்டியில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணின் பிள்ளைக்குப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்றே ஊகிக்கிறேன். கிடைத்தாலும் அவள் உறுப்பினர் இல்லை. எல்லாச் சமூகங்களிலிருந்தும் திரட்டிய பொதுத் தொகுப்பு ஒன்றே இதற்கு மாற்று. சென்னையில் ஜீவன் அறக்கட்டளை அப்படியொன்றுக்கு முயன்றது. அரசு செய்திருக்க வேண்டிய வேலையை ஓர் அறக்கட்டளை நன்கொடை கேட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

பெட்டகத்துக்குள் போனதும் பத்திரம்தானா? சிங்கப்பூரில் கார்ட்லைஃப் கம்பெனியின் ஏழு தொட்டிகளில் குளிர் உரிய அளவில் காக்கப்படவில்லை என்று 2023 நவம்பரில் அந்நாட்டு சுகாதார அமைச்சகமே அறிவித்தது.

இன்னொன்று, இதைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. பிள்ளை பிறந்ததும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியைக் கவ்வச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சிலிருக்கும் ரத்தம் பிள்ளைக்குள் இறங்கும், மாதக் கணக்கில் அதன் இரும்புச்சத்து அதுதான். பொறுத்தால் பைக்குக் குறையும், பைக்கு நிறைய வேண்டுமென்றால் பொறுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். துண்டுப்பிரசுரம் கொடுத்த பையனிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாங்க சார்" என்றான். டாக்டரிடம் கேட்க என் தங்கை மகளுக்குக் கிடைத்தது நாலு நிமிஷம். அதில் அவள் கேட்டது வீக்கத்தைப் பற்றி.