கொர்னாரோவும் எக்கிகெனும்: நீண்ட ஆயுளுக்கு இரு அளவுகோல்கள்

நீண்ட ஆயுளைப் பற்றி எழுதியவர்கள் பலர். நீண்ட நாள் வாழ்ந்து காட்டிவிட்டு அதைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. அந்தச் சிலரில் இருவரை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் இத்தாலியின் படுவா நகரச் செல்வந்தர் அல்விசே கொர்னாரோ; மிதமான வாழ்வைப் பற்றிய அவருடைய முதல் உரை 1558இல் அச்சேறியது. மற்றவர் ஜப்பானின் ஃபுகுவோகா சிற்றரசில் பணிபுரிந்த அறிஞர் கைபாரா எக்கிகென். அவருடைய ‘யோஜோகுன்’ 1713இல் வெளிவந்தது. இடையில் ஒன்றரை நூற்றாண்டும் இரு கண்டங்களும் கிடக்கின்றன. ஆயினும் இருவரும் தத்தம் நூலில் தம் வயதை 83 என்றே குறிக்கிறார்கள்.

இருவரும் தம் முதுமையைச் சான்றாக முன்வைக்கும் முறையும் ஒத்திருக்கிறது. பிறர் உதவியின்றிக் குதிரையில் ஏறுவதையும், கண்ணும் செவியும் குன்றாமல் இருப்பதையும் கொர்னாரோ மகிழ்ச்சியோடு சொல்கிறார். இரவிலும் சிற்றெழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் முடிவதையும், பல் ஒன்றுகூட விழாததையும் எக்கிகென் சொல்கிறார். இவ்வளவுக்கும் இருவருமே வலிய உடலோடு தொடங்கியவர்கள் அல்லர். கொர்னாரோ விருந்தும் மதுவுமாக இளமையைக் கழித்து, நாற்பதை எட்டுவதற்குள் வயிற்று நோயும் ஓயாத காய்ச்சலுமாக நலிந்தவர். எக்கிகென் சிறுவயது முதலே மெலிந்த உடல்வாகு கொண்டவர். முன்னவர் இழந்த நலத்தை மீட்டார். பின்னவர் இருந்த சிறு நலத்தைச் சிந்தாமல் காத்தார்.

உணவில்தான் இருவரும் மிக நெருங்குகிறார்கள், விலகுவதும் அங்கேதான். இருவருக்கும் மிகையுணவே முதல் பகை. கொர்னாரோ அதை எடைபோட்டு அடக்கினார்: ரொட்டி, முட்டைக்கரு, இறைச்சி, சூப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 12 அவுன்சு, திராட்சை மது 14 அவுன்சு. எக்கிகெனுக்கு எடைக்கல் தேவைப்படவில்லை; வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறையும்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் விதி. ஒருவருடைய அளவு தட்டில் இருக்கிறது. மற்றவருடைய அளவு உண்பவரின் உணர்வில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டின் விளைவை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. முதுமையில் இவ்வளவு குறைவாக உண்பது தகாது என்று உறவினர்கள் வற்புறுத்த, கொர்னாரோ உணவை 14 அவுன்சாகவும் மதுவை 16 அவுன்சாகவும் உயர்த்தினார். சில நாள்களிலேயே மனம் சோர்ந்து, காய்ச்சலில் விழுந்து, பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே தேறியதாக எழுதுகிறார். இதை அவர் தம் முறைக்கு வெற்றியாகக் கண்டார். எக்கிகெனின் பார்வையில் பார்த்தால் வேறொன்றும் தெரியும்: இரண்டு அவுன்சு ஏறினாலே குலையும் ஒழுங்கு, அந்த ஒருவரின் உடலுக்கென்றே தைத்த சட்டை. அது பிறருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

தத்துவ அறிஞர் நீட்சே 1889இல் கொர்னாரோவைக் கண்டித்ததும் இந்த இடத்தில்தான். சிற்றுணவால் அவர் நீண்ட நாள் வாழவில்லை; மந்தமான வளர்சிதை மாற்றம் கொண்ட உடலுக்குச் சிற்றுணவே போதுமானதாக இருந்தது; அவர் காரணத்தையும் விளைவையும் மாற்றிக் கொண்டார் என்பது நீட்சேயின் வாதம். கொர்னாரோவின் அவுன்சுக் கணக்கை இந்த வாதம் அசைக்கிறது. எக்கிகெனின் எட்டுப் பங்கை அது அவ்வளவாகத் தொடவில்லை. உழவரின் எட்டுப் பங்கு வேறு, எழுத்தரின் எட்டுப் பங்கு வேறு. அவரவர் உடலோடு அந்த அளவும் மாறிக்கொள்ளும்.

மனத்தைப் பற்றிய பேச்சில் இருவரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து சந்திக்கிறார்கள். கொர்னாரோ வயிற்றிலிருந்து தொடங்குகிறார்: உணவு ஒழுங்காக இருந்தால் துயரமும் வெறுப்பும் உடலை வீழ்த்த முடியாது. எக்கிகென் மனத்திலிருந்து தொடங்குகிறார்: சினத்தையும் ஆசையையும் கவலையையும் அடக்கி உயிராற்றலைக் காத்தால்தான் உணவு ஒழுங்கும் நிலைக்கும். மருந்தைப் பொறுத்தவரை இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். வண்டி கவிழ்ந்து அடிபட்டபோது குருதி வடிக்கவும் பேதி கொடுக்கவும் விரும்பிய மருத்துவர்களைக் கொர்னாரோ தடுத்தார். மருத்துவம் கற்ற எக்கிகெனோ வீணாக மருந்து உண்பதை எச்சரித்தார். உண்டபின் சில நூறு அடிகள் நடப்பதையும் நெடுநேரம் உட்கார்ந்தே இராமல் உடலை இயக்குவதையும் நாளாந்தக் கடமையாக்கினார்.

இருவரும் அறிஞர் மொழியை ஒதுக்கியதையும் கவனிக்க வேண்டும். கொர்னாரோ இலத்தீனில் எழுதாமல் இத்தாலியத்தில் எழுதினார். எக்கிகென் செவ்வியல் சீனத்தில் எழுதாமல் எளிய ஜப்பானியத்தில் எழுதினார். நலவாழ்வு மருத்துவர்களின் தனிச்சொத்து ஆகிவிடக் கூடாது என்று இருவரும் எண்ணினார்கள்.

ஆயினும் ஆழமான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. உடலைப் பேணுவதைப் பற்றி எழுதிய இவ்விருவருக்கும் உடல் இறுதி நோக்கமாக இல்லை. ஐம்பதுக்கு முன் மனிதனின் அறிவு திறப்பதில்லை, கற்றதும் கனிவதில்லை என்பது எக்கிகெனின் கருத்து. வாழ்வின் பிற்பகுதியே மிகச் சிறந்தது, அறிஞர்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் உலகுக்கு இன்னும் பல நூல்கள் கிடைக்கும் என்பது கொர்னாரோவின் கருத்து. சொன்னபடி வாழவும் செய்தார்கள். கொர்னாரோ முதுமையில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார், சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கியதைக் கண்டு மகிழ்ந்தார், 11 பேரக்குழந்தைகளோடு பாடினார். எக்கிகென் 1700இல் பணி ஓய்வு பெற்றார். ஜப்பானியத் தாவரங்களை விரித்துரைக்கும் ‘யமத்தோ ஹொன்சோ’ 1709இல்தான் வந்தது.

இறுதியாக ஆயுள்கணக்கு. கொர்னாரோ 1566இல் மறைந்தபோது ஏறத்தாழ நூறு வயது என்பது நெடுநாள் நம்பிக்கை. அவர் பிறந்தது 1484இல் என்பாரும் உண்டு; அப்படியானால் முதல் உரை வந்தபோது அவருக்கு 74 வயதுதான், மறைந்தபோது ஏறத்தாழ 82. எக்கிகென் 1630இல் பிறந்து 1714இல் மறைந்தார், வயது 83. தராசு வைத்து உண்டவரும் தராசில்லாமல் உண்டவரும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

ஆகவே அளவை எக்கிகெனிடமிருந்து எடுத்துக்கொள்வோம். அது எல்லா உடலுக்கும் இடம் தருகிறது. துணிவைக் கொர்னாரோவிடமிருந்து எடுத்துக்கொள்வோம். நாற்பதில் நலிந்தவரும் பழக்கத்தை மாற்றி மீள முடியும் என்பதற்கு அவரே சான்று. அப்படி ஈட்டும் ஆண்டுகளில் என்ன கற்கப் போகிறோம், என்ன படைக்கப் போகிறோம் என்பதை இப்போதே எண்ணத் தொடங்குங்கள்.