டிஜிட்டல் நெகட்டிவ் பிலிமின் வரலாறு

டிஜிட்டல் நெகட்டிவ் என்பது கணினியில் உள்ள ஒளிப்படத்தை எதிர்மறையாக மாற்றி, ஒளி ஊடுருவும் பிலிமில் அச்சிட்டுப் பெறும் நெகட்டிவ் ஆகும். சயனோடைப், உப்பு அச்சு, பிளாட்டினம் அச்சு, கம் அச்சு போன்ற 19ஆம் நூற்றாண்டு முறைகளில் இன்று படம் அச்சிடுவோரில் பலர் இதையே பயன்படுத்துகின்றனர். இம்முறைகள் பொதுவாக மாற்று ஒளிப்பட அச்சு முறைகள் எனப்படுகின்றன.

இந்த நெகட்டிவுக்கு உகந்த பிலிம் எது என்ற கேள்வி கணினியோடு பிறந்தது போலத் தோன்றும். ஆனால் ஒளிப்படக்கலை தோன்றிய நாளிலிருந்தே இது இருந்து வருகிறது. நெகட்டிவைத் தாங்கும் தளம் பல காலங்களில் வேறு ஒரு தொழிலுக்காகச் செய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. அந்தத் தொழில் மாறியபோதெல்லாம் அச்சிடுவோர் புதிய தளத்தைத் தேட வேண்டியிருந்தது.

தொடுகை அச்சு

மாற்று அச்சு முறைகளில் தாளின்மீது பூசப்படும் வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிருக்கும் அதை அடுத்த நீல ஒளிக்குமே நன்றாக வினைபுரிகின்றன. அவற்றின் உணர்திறனும் குறைவு. இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் சாதாரண எந்திரத்தின் விளக்கு அவற்றுக்குப் போதாது. எனவே நெகட்டிவைத் தாளின்மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ காட்ட வேண்டும். இது தொடுகை அச்சு எனப்படும்.

இம்முறையில் அச்சின் அளவும் நெகட்டிவின் அளவும் ஒன்றே. 10 அங்குலப் படம் வேண்டுமானால் 10 அங்குல நெகட்டிவ் வேண்டும். ஒளி நெகட்டிவின் தளத்தைக் கடந்தே தாளை அடைவதால், தளத்தில் உள்ள நார், கீறல், மங்கல், தூசி ஆகிய அனைத்தும் அச்சில் பதிவாகும்.

தாளும் மெழுகும்

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835இல் லேக்காக் மாளிகையின் சன்னல் ஒன்றைச் சிறு தாள் நெகட்டிவில் பதிவு செய்தார். 1841இல் அவர் காப்புரிமை பெற்ற கேலோடைப் முறையிலும் தாளே தளமாக இருந்தது. அக்காலத்தில் விரும்பப்பட்ட வாட்மேன் தாள் எழுதுவதற்கும் வரைவதற்கும் செய்யப்பட்டதாகும். அதன் நார்களும் நீர்க்குறியும் நெகட்டிவில் தெரிந்தன. தாளின் ஒளி ஊடுருவலைக் கூட்ட, முடிந்த நெகட்டிவில் மெழுகு தேய்க்கப்பட்டது.

பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே 1851இல் இந்த வரிசையை மாற்றினார். அவர் தாளுக்கு முதலில் மெழுகேற்றிய பின்னரே வேதிப்பொருளை ஊட்டினார். இதனால் நுணுக்கம் கூடியது. தாளை முன்கூட்டியே தயாரித்து உலர்ந்த நிலையில் எடுத்துச் செல்லவும் முடிந்தது.

தமிழகத்தின் மிகப் பழைய ஒளிப்படத் தொகுப்புகளில் ஒன்று இம்முறையில் எடுக்கப்பட்டதாகும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். அவர் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் மெழுகுத் தாள் நெகட்டிவ்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் அவருடைய தொடர்படம் 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்தில் அமைக்கப்பட்டது. வெப்பமும் நெடும் பயணமும் உள்ள வேலைக்கு உலர்ந்த மெழுகுத் தாள் பொருத்தமாக இருந்தது. தாளில் வெறுமையாகப் பதிந்த வானத்தை அவர் நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டிச் சரிசெய்தார்.

கண்ணாடி முதல் பாலியெஸ்டர் வரை

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். அதில் கண்ணாடி தளமாயிற்று. கண்ணாடியில் நார் இல்லை, ஒளி தடையின்றிச் சென்றது. ஆனால் அது கனமானது, உடையக்கூடியது. தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் அறிவித்த ஜெலட்டின் உலர்தகட்டு முறை வளர்ந்தபின் இந்த அவசரம் நீங்கியது.

1889இல் ஈஸ்ட்மன் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் படச்சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது எளிதில் தீப்பற்றும். அடுத்து வந்த செல்லுலோஸ் அசிட்டேட் பாதுகாப்பானது, எனினும் காலப்போக்கில் சுருங்கி வினிகர் வாடை வீசும். 1941இல் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் கண்டறிந்த பாலியெஸ்டர் வகை, பின்னர் பிலிம் தளமாகப் பயன்படத் தொடங்கியது. அது எளிதில் கிழியாது, அளவும் பெரிதாக மாறாது. இன்றைய இங்க்ஜெட் பிலிம்களின் தளமும் பொதுவாக இதுவே.

அச்சகத்திலிருந்து வந்த பிலிம்

20ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கும் எந்திரமும் அதற்குரிய வெள்ளி புரோமைடு தாளும் பரவியபின் தொடுகை அச்சு முறைகள் பின்தள்ளப்பட்டன. முதல் உலகப் போரின்போது பிளாட்டினத்தின் விலை ஏறியதால் பிளாட்டினம் தாளின் பயன்பாடும் சுருங்கியது.

1960களில் இருந்து இம்முறைகள் மீண்டும் கவனம் பெற்றன. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் தம் படங்களைப் பெரிய நெகட்டிவ்களாக மாற்றிப் பிளாட்டினத்தில் அச்சிட்டார். சிறிய நெகட்டிவைப் பெரிதாக்குவதற்கு அச்சகங்களுக்கும் படி எடுப்பதற்கும் செய்யப்பட்ட பிலிம்களே பயன்பட்டன. நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து பெரிய நெகட்டிவ் என இரண்டு படிகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு படியிலும் தூசி சேர்ந்தது, நிழற்பகுதிகளின் நுணுக்கம் குறைந்தது.

1980களில் கணினிவழி அச்சுக்கோப்பு வந்தபோது, பக்கத்தை லேசர் ஒளியால் பிலிமில் எழுதும் இமேஜ்செட்டர் எந்திரங்கள் அச்சகங்களுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான லினோட்ரானிக் 300 அங்குலத்துக்கு 2540 புள்ளிகள் வரை பதிக்கக்கூடியது. ஒளிப்படத்தைக் கணினியில் திருத்தி இந்த எந்திரத்தில் நெகட்டிவாக எடுக்கலாம் என்பதை டான் பர்க்ஹோல்டர் 1995இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். டிஜிட்டல் நெகட்டிவ் முறை பரவ அந்நூல் முக்கியக் காரணமாக அமைந்தது.

இமேஜ்செட்டர் பிலிமில் ஒளி செல்லும் இடம், செல்லாத இடம் என இரண்டே உண்டு. இடைப்பட்ட சாயல்களை நுண்புள்ளிகளின் அடர்த்தியே தோற்றுவிக்கும். கருமை மிக உறுதியானது. ஆனால் ஒவ்வொரு நெகட்டிவுக்கும் வெளியே பணம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பின்னர் அச்சகங்கள் பிலிமைக் கைவிட்டு, கணினியிலிருந்து நேரடியாக அச்சுத்தகட்டில் எழுதும் முறைக்கு மாறின. பிலிம் எடுத்துத் தரும் நிலையங்களும் குறைந்துபோயின.

ஓ.எச்.பி. தாள்

அடுத்த தளம் வகுப்பறையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வந்தது. சுவரில் பாடம் காட்டும் ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான தெளிந்த தாள் கடைகளில் ஓ.எச்.பி. ஷீட் என்று கேட்டு வாங்கப்படும் பொருளாகும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் ஒளிப்படத் தரத்தை எட்டியபோது, இத்தாளில் நெகட்டிவை அச்சிடும் முயற்சிகள் பெருகின.

ஓ.எச்.பி. தாள்கள் எல்லாம் ஒன்றல்ல. பூச்சு இல்லாத வெறும் பாலியெஸ்டர் தாளில் நீர்மை கொண்ட மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். லேசர் அச்சுப்பொறிக்கான தாள் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் இங்க்ஜெட் மையை ஏற்காது. இங்க்ஜெட்டுக்கான தாளை லேசர் பொறியில் செலுத்தினால் அதன் பூச்சு உருகிப் பொறியைப் பழுதாக்கக்கூடும்.

இங்க்ஜெட் தாளின் பூச்சு இரு வகைப்படும். முதல் வகையில் பூச்சு மையை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். இதில் மை உலர நேரமாகும், கை பட்டால் ஈசிவிடும். இரண்டாம் வகையில் மிக நுண்ணிய கனிமத் துகள்களுக்கு இடையே உள்ள துளைகளில் மை தங்கும். இது விரைவில் உலரும், அதிக மையைத் தாங்கும், புள்ளியின் விளிம்பு பரவாது. ஜப்பானிய பிக்டோரிகோ தாள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இது பிளாட்டினம் அச்சாளர்களிடையே பரவலாகப் பயன்பட்டது.

மையும் புற ஊதாக் கதிரும்

நெகட்டிவில் கண்ணுக்குக் கருமையாகத் தெரிவது புற ஊதாக் கதிருக்கும் கருமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணுக்கு வெளிறித் தெரியும் மஞ்சள் மை புற ஊதாவைக் கணிசமாகத் தடுக்கக்கூடும். இதனால் கறுப்பு மையை மட்டும் நம்பாமல் வண்ண மைகளைக் கலந்து நெகட்டிவ் செய்யும் முறைகள் தோன்றின. மார்க் நெல்சன் உருவாக்கிய முறை, பல வண்ணக் கட்டங்களை அச்சிட்டுச் சோதித்து, குறிப்பிட்ட செய்முறைக்கு உரிய வண்ணத்தைத் தெரிவு செய்தது. ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருள் ஒவ்வொரு மையின் அளவையும் தனித்தனியே கட்டுப்படுத்த உதவியது. ரான் ரீடர் அதை டிஜிட்டல் நெகட்டிவுக்குப் பயன்படுத்தும் வழிகளை விளக்கினார்.

எவ்வளவு தடுக்க வேண்டும் என்பது செய்முறையைப் பொறுத்தது. உப்பு அச்சுக்கு அழுத்தமான, வேறுபாடு மிகுந்த நெகட்டிவ் தேவை. ஒற்றைப் பூச்சுக் கம் அச்சுக்கு மென்மையான நெகட்டிவ் போதும். அடர்த்தி 2.0 என்றால் விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கே கடந்து செல்லும் என்று பொருள். இந்த அளவை எட்டும் வரை மையை ஏற்றும்போது பூச்சு தாங்காவிட்டால் மை தேங்கித் திட்டுத் திட்டாகும். எனவே உப்பு அச்சுக்குப் போதாத ஒரு பிலிம் கம் அச்சுக்கு நன்றாகவே இருக்கலாம்.

பிலிமைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது வெற்றுப் பிலிம் புற ஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்பதாகும். பாலியெஸ்டர் சுமார் 310 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அச்சிடுவோர் பயன்படுத்தும் விளக்குகள் பெரும்பாலும் 350 முதல் 400 வரையிலான பகுதியில் ஒளிர்வதால் அது பெருந்தடையாக இருப்பதில்லை. ஆனால் பூச்சின் தன்மை பிலிமுக்குப் பிலிம் மாறும்.

இதை அளக்க 21 படிகள் கொண்ட ஸ்டௌஃபர் படிநிலைப் பட்டை பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட 0.15 அடர்த்தி மிகுந்தது. வேதிப்பொருள் பூசிய தாளில் பட்டையை ஒருமுறை நேராகவும், மறுமுறை வெற்றுப் பிலிமின் கீழ் வைத்தும், ஒரே நேர அளவு ஒளி காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே சாயல் ஒரு படி தள்ளி விழுந்தால் அந்தப் பிலிமுக்குச் சுமார் 1.4 மடங்கு நேரம் வேண்டும். இரண்டு படி தள்ளினால் இரு மடங்கு வேண்டும்.

அடுத்து, வெற்றுப் பிலிமின் வழியே தாள் தன் உச்சக் கருமையை அடையும் மிகக் குறைந்த நேரம் கண்டறியப்படுகிறது. இதுவே அச்சின் அடிப்படை நேரமாகும். மையின் அளவு, சாயல்களைச் சீராக்கும் வளைகோடு ஆகியவை இந்த நேரத்தை வைத்தே அமைக்கப்படுகின்றன. நேரத்தைத் தீர்மானிக்காமல் வளைகோட்டைத் திருத்துவோர் ஒவ்வொரு அச்சிலும் வேறு விளைவையே பெறுவர்.

பூச்சு உள்ள பக்கத்தை அறிய, ஈர விரலால் பிலிமின் மூலையைத் தொட்டுப் பார்க்கலாம். பூச்சுள்ள பக்கம் விரலில் லேசாக ஒட்டும். அச்சுப்பொறியின் பற்சக்கரங்கள் சில பிலிம்களில் புள்ளிவரிசைத் தடங்களை விட்டுவிடும். வெளிர் வானம் போன்ற பகுதிகளில் அவை தெளிவாகத் தெரியும் என்பதால், ஒரே சாயல் நிரப்பிய பெரிய கட்டம் ஒன்றை அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம். வெள்ளி நைட்ரேட் கலந்த முறைகளில் தாள் முற்றிலும் உலரவில்லை என்றால் நெகட்டிவில் கறை படியும், சில நேரம் ஒட்டிக்கொள்ளும். பிளாட்டினம் அச்சில் தாளுக்கு வேண்டுமென்றே ஈரப்பதம் ஊட்டுவதும் உண்டு. அப்போது இரண்டுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் தாள் வைக்கப்படுகிறது. இதனால் நெகட்டிவ் காக்கப்படும், ஆனால் கூர்மை சிறிது குறையும்.

இன்றைய நிலை

எண்ணிமப் புரொஜெக்டர்கள் வந்தபின் ஓ.எச்.பி. எந்திரங்கள் வகுப்பறைகளிலிருந்து மறைந்தன. ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் சட்டத்தில் உருவைப் பதிக்க இங்க்ஜெட் பிலிம் தேவைப்படுகிறது. இன்று மாற்று அச்சிடுவோர் பலர் வாங்குவது அத்தொழிலுக்காகச் செய்யப்படும் பிலிம்களையே. அத்தொழிலுக்கு வேண்டியது கறுப்பும் வெறுமையும் மட்டுமே. இடைச்சாயல்களின் மென்மை அதற்கு முக்கியமன்று. ஆகவே உற்பத்தியாளர் பூச்சை மாற்றும்போது ஒளிப்பட அச்சாளரின் தேவை கணக்கில் வராது. பெயர் மாறாமல் பூச்சு மட்டும் மாறினாலும், பல மாதங்கள் உழைத்து அமைத்த அச்சு நேரமும் வளைகோடும் பயனற்றுப் போகும்.

இதனால் அனுபவமுள்ள அச்சாளர்கள் ஒரு பிலிமின் பெயரைவிடச் சோதனை முறையையே பெரிதாகக் கருதுகின்றனர். புதிய கட்டு வந்ததும் படிநிலைப் பட்டையால் சோதித்து, நாளும் நேரமும் குறித்து, அந்தச் சோதனை அச்சைப் பாதுகாக்கின்றனர். பிலிம் கிடைக்காத இடங்களில் சிலர் சாதாரணத் தாளில் நெகட்டிவை அச்சிட்டு, மெழுகோ எண்ணெயோ தேய்த்துப் பயன்படுத்துகின்றனர். அதற்கு நேரம் கூடுதலாகும், தாளின் நாரும் படத்தில் தெரியும். டிரைப்பின் தஞ்சைப் படங்கள் அப்படிப்பட்ட தளத்திலிருந்தே கிடைத்தவை.