இழுக்கும், நிற்குமா?



எங்கட கிச்சினில் என்னோடு வேலைசெய்யும் ஒரு தம்பியிடம் 1996ஆம் ஆண்டு லாண்ட்ரோவர் டிஸ்கவரி ஒன்று நிற்கிறது. கோடையில் தேர்த்திருவிழா, விளையாட்டுப்போட்டி நடக்கும் இடங்களில் கொத்துரொட்டி போட்டு விற்க, அமெரிக்காவில் செய்த பழைய றெயிலர் ஒன்றை விலை பேசுகிறார். இரண்டு அச்சு, நாலு சில்லிலும் மின்பிறேக். "கொக்கியில கொழுவினா இழுக்கும்தானே அண்ணை?" என்று கேட்டார். இழுக்கும். நிற்குமா என்பதுதான் கதை.

இந்தக் கேள்வி எங்கட ஆக்களுக்குப் புதிது இல்லை. தேரை இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்துவது சில்லுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுக்கும் சிலபேர்தான். (அந்த அருமையான சாமானின் பெயரை ஏன்தான் திட்டுகிற சொல்லாக்கினோமோ!) திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சில்லும் ஐதரோலிக் பிறேக்கும் பூட்டிக் கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை.

ஊரில் உழவு இயந்திரப் பெட்டிக்கு நான் பிறேக் கண்டதில்லை. முழுப் பாரத்தையும் முன்னால் நிற்கும் மெசினே தாங்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, கிழவிகளும் நெல்மூட்டையும் ஏற்றிய பெட்டிகள் சனத்துக்குள் அடி அடியாகத்தான் நகர்ந்தன. பிறேக்குக்கு அங்கே வேலையே இல்லை. இங்கே மோட்டர்வேயில் றெயிலரோடு 60 மைல் வேகத்தில் போகலாம்.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டவர் ஆர்தர் வார்னர். சகோதரனோடு சேர்ந்து காருக்கு வேகமானி செய்து விற்றவர். 1909இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவரும் இவரே. 1927இல் இவர் தொடங்கிய கொம்பனி மின்பிறேக் செய்தது. சில்லின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். கரண்ட் வந்தால் அது சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபடும், அந்த இழுவை ஒரு நெம்புகோலைத் தள்ளிப் பிறேக் சூவை விரிக்கும். அவ்வளவுதான்.

ஐரோப்பாக்காரர் வேறு பாதையில் போனார்கள். முன்வாகனம் வேகம் குறைய றெயிலர் பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கித் தண்டை அமத்திக் கம்பியை இழுத்துப் பிறேக் பிடிக்கும். வயரே தேவையில்லை. 3500 கிலோ வரை இங்கே இதுதான் வழக்கம். அதனால் பழைய பிரித்தானிய ஜீப்பின் ஏழு ஊசிச் சொக்கற்றில் லைற்றுகளுக்கு மட்டும்தான் இடம். அமெரிக்கச் சொக்கற்றில் ஓர் ஊசி பிறேக்குக்கென்றே இருக்கும்.

ஆகவே தம்பியின் ஜீப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டவேண்டும். அதற்கு நாலு வயர்: பற்றரியிலிருந்து பியூஸோடு ஒன்று, எர்த் ஒன்று, பிறேக் மிதியின் சுவிட்சிலிருந்து ஒன்று, றெயிலருக்குப் போவது ஒன்று. நாலு காந்தமும் 12 முதல் 16 அம்பியர் வரை இழுக்கும், மெல்லிய லைற் வயரில் கொடுத்தால் வயர் உருகும். றெயிலர் கழன்று ஓடினால் தானே பிறேக் பிடிக்க, அதற்குள் தனிப் பற்றரியும் வேண்டும்.

மொத்த நிறை 750 கிலோவைத் தாண்டும் றெயிலருக்கு இங்கே பிறேக் கட்டாயம். மின்பிறேக்குக்குத் தடையில்லை, ஆனால் அது ஐ.நா. விதி 13க்குப் பொருந்தவேண்டும். கையால் அமத்தும் சுவிட்ச் மட்டும் போதாது. லைசென்ஸ் பிரச்சினை இல்லை: 1997க்குப் பிறகு பாஸ் பண்ணியவர்களுக்கும் 2021 டிசம்பர் 16 முதல் தனிச் சோதனை இல்லாமல் 3500 கிலோ வரை இழுக்கலாம்.

இதையெல்லாம் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னேன். தம்பி இப்ப றெயிலர்காரனிடம் வயருக்கும் பெட்டிக்கும் சேர்த்து 500 பவுண் குறைக்கச் சொல்லி நிற்கிறார்.