செகெம்காவை விற்ற ஊர்

இன்னைக்கு ஒரு சிலையோட கதை.

2014 ஜூலை 10. லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம். ஏலத்துக்கு வந்தது ஒரு எகிப்தியச் சிலை. உயரம் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது நாம சாப்பிடுற மேஜை உயரம்தான். வயசு 4,300 வருஷத்துக்கு மேல. 40 லட்சத்தில் இருந்து 60 லட்சம் பவுண்டு வரை போகும்னு கிறிஸ்டீஸ் மதிப்புப் போட்டிருந்தது. கடைசியில் சுத்தியல் தட்டப்பட்டது 1 கோடியே 40 லட்சம் பவுண்டில். பண்டைய எகிப்தியக் கலைப்பொருள் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைக்காத விலை.

விற்றது யார் தெரியுமா? பெரிய கோடீஸ்வரர் இல்லை, பழம்பொருள் வியாபாரியும் இல்லை. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்னு ஒரு ஊர். அந்த ஊரோட கவுன்சில். நம்ம ஊர் நகராட்சி மாதிரின்னு வெச்சுக்கோங்க.

முதல்ல சிலையில் இருக்கிறவரைப் பார்ப்போம். பேர் செகெம்கா. ராஜா இல்லை, பூசாரி இல்லை, போர்வீரனும் இல்லை. எழுத்தர்களை மேற்பார்வை பார்த்த ஒரு அதிகாரி. இன்னைக்குச் சொன்னா ஒரு செக்‌ஷன் ஹெட். எகிப்தின் ஐந்தாம் வம்சக் காலம், பிரமிடுகள் கட்டின பழைய அரசின் பிற்பகுதி. மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கார், மடியில் ஒரு பப்பிரஸ் சுருள் விரிஞ்சிருக்கு. காலடியில் அவர் மனைவி சிட்மெரிட் சின்ன உருவமாக உட்கார்ந்து, அவர் காலை ஒரு கையால் அணைச்சுப் பிடிச்சிருக்கார். இன்னொரு பக்கம் மகன்.

அந்தச் சுருளில் என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, அலுவலகக் கணக்கு இல்லை. செத்த பிறகு தனக்கு வர வேண்டிய படையல்களின் பட்டியல். ரொட்டி, பீர் இப்படிப் போகுது. இந்த மாதிரிச் சிலைகளை எகிப்தியர்கள் அழகுக்காகச் செய்யவில்லை. இறந்தவரின் ‘கா’ என்கிற உயிர்ச்சக்தி வந்து தங்கி, படையலை ஏற்றுக்கொள்ள ஒரு உடம்பு வேணும். அதுக்குத்தான் சிலை. கல்லறைக்குள்ளே பல சமயம் இதை ஒரு மூடிய அறையில் வெச்சு, சுவரில் ஒரு சின்னப் பிளவு மட்டும் விடுவாங்க. ஊதுபத்திப் புகை உள்ளே போகணும், அவ்வளவுதான். யாரும் வந்து பார்க்கிறதுக்காகச் செஞ்ச பொருளே இல்லை இது.

அது எப்படி இங்கிலாந்துக்குப் போச்சு? ஸ்பென்சர் காம்ப்டன், நார்தாம்ப்டனின் இரண்டாவது மார்க்விஸ், 1849 டிசம்பரில் இருந்து 1850 ஏப்ரல் வரை எகிப்தில் பயணம் செஞ்சார். சாதாரணப் பிரபு இல்லை; அதுக்கு முன்னால் பத்து வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவரா இருந்தவர். அந்தப் பயணத்தில் செகெம்கா அவர் கைக்கு வந்தது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். 1835லேயே எகிப்தை ஆண்ட முகமது அலி, பழம்பொருட்களை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாதுன்னு ஆணை போட்டுட்டார். ஆணை காகிதத்தில் இருந்தது, கப்பல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. பழம்பொருள் எல்லாமே அரசுக்குச் சொந்தம், வியாபாரமே கூடாதுன்னு எகிப்து கறாரா சட்டம் போட 1983 ஆயிடுச்சு.

மார்க்விஸ் 1851ல் இறந்துபோனார். 1880 வாக்கில் அவர் குடும்பம் சிலையை நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. நார்தாம்ப்டன் செருப்பு, பூட்ஸ் தைக்கிற தொழிலாளிகளோட ஊர். இன்னைக்கும் அந்த மியூசியத்தின் பெருமை உலகின் மிகப்பெரிய காலணித் தொகுப்புகளில் ஒன்று. அந்த ஷூக்களுக்கு நடுவில் நாலாயிரம் வருஷத்து எகிப்திய குமாஸ்தா ஒருத்தர் நூறு வருஷத்துக்கு மேல உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். பாரிஸ், லண்டன் போக வசதியில்லாத ஒரு பூட்ஸ் தொழிலாளியோட குழந்தை, தெரு முனையிலேயே இதைப் பார்த்திருக்கும் இல்லையா?

2010களில் கவுன்சில் ஒரு கணக்குப் போட்டது. மியூசியத்தை விரிவாக்கப் பணம் வேணும். சிலைக்குப் பாதுகாப்பு, காப்பீடு எல்லாம் செலவு. நம்ம தொகுப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், வித்துடலாம். ஆனால் தானப் பத்திரம் குறுக்கே நின்றது. அதில் இருந்த நிபந்தனைகளைக் காட்டி இப்போதைய மார்க்விஸ் உரிமை கேட்க முடியும். அதனால் பேரம் பேசி முடிச்சாங்க: கவுன்சிலுக்கு 55 சதவீதம், மார்க்விஸுக்கு 45. முன்னோர் தானமாகக் கொடுத்த பொருளில் இருந்து சுமார் 60 லட்சம் பவுண்டு வாரிசுக்கே திரும்பி வந்தது. கவுன்சிலுக்குச் சுமார் 80 லட்சம்.

இந்த ஏலக் கணக்கையும் சொல்லிடறேன், ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகினவங்களுக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும். சுத்தியல் விலை 1.4 கோடி பவுண்டுன்னா, வாங்கினவர் அதை மட்டும் கட்டிட்டுப் போக முடியாது. ஏல நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அப்போ கிறிஸ்டீஸில் முதல் 50,000 பவுண்டுக்கு 25 சதவீதம், அதுக்கு மேல 10 லட்சம் வரை 20, மீதிக்கு 12. கூட்டிப் பாருங்க, 17,62,500 பவுண்டு. ஆக மொத்தம் 1,57,62,500. செய்திகளில் வந்த விலை இதுதான்.

சரி, மதிப்பீட்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஏன் போச்சு? சிலை அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு காரணம் இருக்கு. பழம்பொருள் சந்தையில் கல்லை விட முக்கியம் காகிதம். இந்தப் பொருள் எப்போ, யார் கையில் இருந்து, எங்கே போச்சுங்கிற வரலாறு. 1970ல் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது, திருட்டுக் கலைப்பொருள் வியாபாரத்தைத் தடுக்க. அதுக்குப் பிறகு 1970ங்கிறது சந்தையில் ஒரு கோடு மாதிரி. அதுக்கு முன்னாடியே நாட்டை விட்டு வந்துட்டதுன்னு காட்ட முடியலைன்னா பெரிய மியூசியங்கள் தொட யோசிக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 1972ல் 10 லட்சம் டாலருக்கு வாங்கின கிரேக்கக் கலயம் ஒண்ணு, இத்தாலியில் கல்லறைத் திருடர்கள் தோண்டி எடுத்ததுன்னு தெரிஞ்சு 2008ல் திரும்பிப் போச்சு. அந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கு.

இப்போ செகெம்காவைப் பாருங்க. 1850ல் இருந்து ஒரே குடும்பம், அப்புறம் ஒரே பொது மியூசியம். இதைவிட சுத்தமான காகிதம் கிடைக்காது. அதாவது, ஊர் அதை இவ்வளவு காலம் பொறுப்பாகப் பாதுகாத்ததே அதோட விலையை ஏத்திவிட்டது. இது நார்தாம்ப்டனில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தின் ஆல்பிரைட்-நாக்ஸ் கலைக்கூடம், 1953ல் வாங்கின ‘ஆர்ட்டெமிஸும் மானும்’ வெண்கலச் சிலையை 2007ல் சோதபீஸில் வித்தது. 2 கோடியே 86 லட்சம் டாலர். காரணம், நவீன ஓவியங்கள் வாங்கப் பணம் வேணும். அங்கேயும் உள்ளூர்க்காரங்க சண்டை போட்டாங்க, தோத்தாங்க. ஆனால் அந்த வெண்கலத்தை வாங்கினவர் அதை மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் காட்சிக்குக் கொடுத்தார். பஃபலோ இல்லைன்னாலும் நியூயார்க் போய்ப் பார்க்கலாம்னு ஆச்சு.

செகெம்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாங்கினவர் பேரே வெளியே வரலை. விற்பனைக்கு எதிராக ஊர்க்காரங்க ஒரு இயக்கமே நடத்தினாங்க, ஏலத்தன்னைக்கு கிறிஸ்டீஸ் வாசலில் நின்னாங்க. லண்டனில் இருந்த எகிப்தியத் தூதரும் வெளிப்படையாகக் கண்டிச்சார்: வேண்டாம்னா எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமேங்கிற வாதம். நியாயமான கேள்விதான். ‘எங்க ஊர் சிலை’ன்னு நார்தாம்ப்டன்காரர் அழும்போது கெய்ரோவில் ஒருத்தர் சிரிக்கத்தான் செய்வார். ஆனா என்னைக் கேட்டா, ரெண்டு வருத்தமும் ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடாது. ஊருக்குன்னு கொடுத்த பொருளை அந்த ஊரின் பேரைச் சொல்லியே விற்றது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன். கட்டடம் கட்டப் பணம் தேட வேற வழி இருந்திருக்கும். இன்னொரு செகெம்கா கிடைக்காது.

தண்டனையும் வந்தது. ஏலம் முடிஞ்ச சில வாரத்தில் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து, நார்தாம்ப்டன் மியூசியங்களின் அங்கீகாரத்தைக் குறைஞ்சது ஐந்து வருஷத்துக்குப் பறிச்சது. அங்கீகாரம் இல்லைன்னா பல மானியங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பணத்துக்காக வித்தாங்க, பணம் வர்ற ஒரு கதவு சாத்திக்கிச்சு.

2015ல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. பிரிட்டனில் யாராவது அதே விலைக்கு வாங்கிக்கிறீங்களான்னு கேட்கிற அவகாசம் அது. 2016 மார்ச் வரைக்கும் நீட்டிச்சுப் பார்த்தாங்க. யாரும் வரலை. தடை முடிஞ்சது.

மியூசியம் 67 லட்சம் பவுண்டு செலவில் விரிவாகி 2021ல் திறந்தது. புதுக் கூடங்கள், காலணிகளுக்கு நல்ல இடம், எல்லாம் இருக்கு. செகெம்கா மட்டும் யாரோ ஒருத்தர் வீட்டிலோ, பெட்டகத்திலோ, படையல் பட்டியலை மடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

அடுத்த எபிசோடில் 2019ல் அதே கிறிஸ்டீஸில் எகிப்து அரசே தடுக்கப் பார்த்த இன்னொரு ஏலம்: துட்டன்காமுன் முகம் கொண்ட ஒரு கல் தலை. அதுவரைக்கும், வணக்கம்.